ஜாதிக் குதிரையும் ஒரு கட்டுப் புல்லும்

2003ஆம் வருஷம். மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்த கோடை. திருவண்ணாமலையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கிளப்பினார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூல். ஹாஸ்டல் பையன்களில் பாதிப் பேர் பெயர் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன், ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்ததால். வண்டலூரில் புலி, கிண்டியில் பாம்புப் பண்ணை, காந்தி மண்டபம், கடைசியாகக் கடற்கரை, சமாதிகள். எல்லாப் பள்ளிக்கூடமும் போகிற வழிதான். பட்டியலில் இல்லாத ஒன்று நடுவில் வந்தது. கிண்டியில் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தி, வாத்தியார் ஒருவர் எங்களைக் கீழே இறக்கி, ரேஸ் கோர்ஸின் கம்பி வேலியோரமாக நிற்க வைத்தார். அவருக்கு அதில் ஒரு சபலம் இருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குப் பந்தயம் ஏதும் கிடையாது. பச்சைப் பசேல் என்று ஒரு வெளி. தூரத்தில் ஒரு ஆள் ஒரு குதிரையை மெல்ல நடத்திக்கொண்டு போனார். அதன் உடம்பு எண்ணெய் தடவினாற்போல மின்னியது.

"பாருங்கடா, நம்மூரு ஜட்கா வண்டிக் குதிரை மாதிரின்னு நெனச்சீங்களா? இதெல்லாம் ஜாதிக் குதிரை. பரம்பரை பரம்பரையா சுத்தமான ரத்தம். கண்டதோட கலக்க விடமாட்டான் வெள்ளைக்காரன்" என்றார் வாத்தியார்.

முன்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஹாஸ்டல் பையன்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எங்களைக் குத்திச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது வெறும் வார்த்தை. தமிழில் உசத்தியான நாய்க்கு ஜாதி நாய், உசத்தியான குதிரைக்கு ஜாதிக் குதிரை. மொழிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டிருக்கிற ஒன்றைத்தான் அவர் எடுத்துச் சொன்னார். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது குதிரையை அல்ல. அதை நடத்திப் போன ஆளையும், காலுக்குக் கீழே இருந்த புல்லையும். புல்லைப் பற்றி எங்கள் வீட்டில் கொஞ்சம் தெரியும்.

*

என் ஆயா தீபத்துக்குப் புல் விற்றவர். கார்த்திகை தீபம் வந்தால் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடும். அதையொட்டிக் குதிரைகளும் விலைக்கு வரும். வெளியூர் வியாபாரிகள் கட்டிப்போட்டிருக்கிற குதிரைகளுக்குத் தீனி வேண்டும். விடியுமுன்னே வரப்போரம் அறுத்து, கட்டுக்கட்டி, தலைச்சுமையாக ஏழெட்டு மைல் நடந்து வந்து விற்பார்கள் எங்கள் தெருப் பெண்கள். "மாட்டுக்கு எதப் போட்டாலும் தின்னும்டா. குதிரை மோந்து பாத்துதான் தின்னும். ஈரம் இருந்தா அதுக்கு வயிறு நொந்துபூடும். ஒதறி ஒதறிக் கட்டணும்" என்பார் ஆயா. அவர் சாகும்வரை ஒரு குதிரைமேல் கைவைத்ததில்லை. குதிரைக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும் அத்துப்படி.

திருவண்ணாமலைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு சின்னதில்லை. தீபத் திருவிழாவின் எட்டாம் நாள் சாமி குதிரை வாகனத்தில் வருவார். மாட வீதிதான் அந்தக் குதிரைக்கு எல்லை. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை இந்த ஊரில் பாடப்பட்டது என்பார்கள். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்ட மந்திரி அவர். அவரைக் காப்பாற்றச் சிவன் நரியைக் குதிரையாக்கி, தானே குதிரைச் சேவகனாக வந்தாராம். சாமி குதிரைக்காரனாக வேஷம் கட்டினால் திருவிளையாடல். நம் தாத்தன் நிஜமாகவே குதிரைக்காரனாக இருந்தால் அது தீண்டத்தகாத பிழைப்பு.

எம்.ஏ. வகுப்பில் பட்டினப்பாலை நடத்தினார்கள். கடல்வழியே குதிரை வந்து இறங்கிய செய்தியில் ஒரு மணிநேரம் போயிற்று. எந்த நாட்டுக் குதிரை, எந்தத் துறைமுகம், யவனர் தொடர்பு. வந்து இறங்கிய குதிரைக்கு யார் புல் அறுத்தார்கள் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது.

1767 செப்டம்பர் மாதத்தில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியின் படையும் நிஜாமின் படையும் கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படையோடு மோதின. முதல் மைசூர் யுத்தம். ஹைதரின் பலமே குதிரைப்படைதான் என்று பாடப் புத்தகத்தில் வரும். ஆயிரக்கணக்கான குதிரைகள் இந்த மண்ணில் நின்றால் இந்த மண்ணின் புல்லைத்தான் தின்றிருக்கும். அக்காலத்துப் படைகளில் போர் செய்கிறவர்களைவிடப் பின்னால் போகிறவர்கள் அதிகம். குதிரைக்கு ஒரு ஆள், அதற்குப் புல் அறுக்க இன்னொரு ஆள். யுத்த வரலாற்றில் தளபதியின் பெயர் இருக்கிறது, சில சமயம் அவன் ஏறிய குதிரையின் பெயர்கூட இருக்கிறது. புல் சுமந்தவள் பெயர் எங்கும் இல்லை.

அந்த யுத்தம் நடந்து பத்து வருஷத்தில், 1777இல், கிண்டியில் குதிரைப் பந்தயம் தொடங்கியது என்று மெட்ராஸ் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள்.

*

ஜூலியா மெய்ட்லாண்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1830களின் பிற்பகுதியில் மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தவர். ஊருக்கு எழுதிய கடிதங்களை 1843இல் பெயர் போடாமல் புத்தகமாக்கினார். வீட்டு வேலைக்காரர்களின் பட்டியலை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே வருகிறவர், இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஊழியம் செய்கிறார்கள், ஆண் குதிரையைப் பார்த்துக்கொள்ள, பெண் அதற்குப் புல் அறுக்க என்று எழுதுகிறார். அவருக்கு அது இந்தியாவின் சோம்பேறித்தனத்துக்கும் ஆடம்பரத்துக்கும் உதாரணம். நமக்கு அது ஒரு ஆவணம். பெரும்பாலும் குதிரைக்காரனின் பெண்சாதியே அந்தப் புல்லுக்காரி. லாயத்தை ஒட்டியே குடிசை.

வெள்ளைக்காரர் வீட்டில் யார் வேலைக்குப் போனார்கள்? மாட்டிறைச்சி சமைக்கவும், எச்சில் தட்டு கழுவவும், லாயத்தில் சாணி அள்ளவும் மற்ற சாதிகள் தயங்கிய இடத்தில் பறையர்கள் போனார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் எழுதிய தொகுதிகளிலும் ஐரோப்பியர் வீட்டு வேலைக்காரர்களாகப் பறையர்கள் வருகிறார்கள். இதில் கேவலம் ஒன்றுமில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் தாத்தா கந்தப்பன் ஹாரிங்டன் துரை வீட்டில் பட்லர். அவர் கையிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடி அந்தத் துரை வழியாகத்தான் எல்லிஸிடம் போய்ச் சேர்ந்தது. சமையலறையிலிருந்து குறள் வந்ததை இன்றைக்கு நாம் பெருமையாகச் சொல்கிறோம். லாயத்திலிருந்து என்ன வந்தது என்று இன்னும் தேடவில்லை. தோழர்கள் யாராவது சைதாப்பேட்டை, கிண்டி, வேளச்சேரிப் பக்கம் பழைய குதிரைக்காரக் குடும்பங்களின் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுத வேண்டும். காலம் தாழ்ந்துகொண்டே போகிறது.

குதிரையைத் தேய்க்கலாம், தண்ணீர் காட்டலாம், அதன் மூத்திரத்தில் நிற்கலாம். மேலே மட்டும் ஏறக் கூடாது. இது நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது அல்ல, எழுதி வைத்த கட்டளை. ராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். அவை மீறப்பட்டபோது குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. அதே வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தன் புத்தகத்தில் இரண்டு பட்டியலையும் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, தங்க நகை கூடாது, பித்தளைக் குடம் கூடாது என்று போகும் அந்த இரண்டாவது பட்டியலில் நான்கு தடைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன்.

ஆதிதிராவிடர், தேவேந்திரர் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்கிறது ஒன்று, அவர்கள் மிராசுதாரர் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும் என்கிறது அடுத்தது. சொந்த நிலத்தை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் தண்ணீர் விடப்பட மாட்டாது என்கிறது இன்னொன்று. தாலி கட்டுமுன் குதிரையில் ஊர்வலம் போகிற பழக்கத்தை நிறுத்த வேண்டும், பல்லக்கு வேண்டுமானால் வீட்டுக் கதவைக் கழற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம், வேறு எந்த வாகனமும் எதற்கும் கூடாது என்கிறது பதினொன்றாவது.

நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அப்படியானால் அதற்கு முன்னால் போயிருக்கிறார்கள்! குதிரையில் போன ஒரு சமூகத்தைத்தான் இறக்கியிருக்கிறார்கள். இல்லாத பழக்கத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. வடக்கே இது இன்னும் முடியவில்லை. 2018 ஜூலையில் உத்தரப்பிரதேசத்துக் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு தலித் மாப்பிள்ளையின் கல்யாண ஊர்வலம், நீதிமன்றம்வரை போய்ப் போராடிய பிறகு, போலீஸ் காவலோடுதான் ஊருக்குள் நுழைய முடிந்தது. அது எங்கேயோ வடக்கில் நடப்பது என்று நம்மூர்ப் பெரியவர்கள் ஆறுதல்பட்டுக்கொள்வதைக் கேட்கும்போது ராமநாதபுரத்துப் பதினொன்றாவது தடையை அவர்களுக்கு வாசித்துக் காட்டத் தோன்றும்.

*

வாத்தியார் சொன்ன சுத்த ரத்தத்துக்கு வருவோம். பந்தயத்தில் ஓடுகிற குதிரை எப்படித் தேர்வாகிறது? வேகமாக ஓடுகிற எந்தக் குதிரையையும் கொண்டுபோய் விட்டுவிட முடியாது. அப்பன் ஆத்தாள் பெயர் வம்சாவளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவற்றின் அப்பன் ஆத்தாள் பெயரும் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் வெதர்பி என்பவர் 1791இல் இந்தப் பதிவேட்டை அச்சில் கொண்டுவந்தார். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிற இந்த ஜாதிக் குதிரைகளின் ஆண்வழியைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்றே மூன்று குதிரைகளில் போய் முடியும். பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன். பெயரைப் பார்த்தாலே தெரியும், மூன்றும் கிழக்கேயிருந்து வந்தவை. அவற்றை உள்ளூர்ப் பெண் குதிரைகளோடு சேர்த்துத்தான் இந்த இனம் உண்டானது. ஆக, சுத்த ரத்தம் என்று வாத்தியார் சொன்னது ஒரு கலப்பு. கலந்து முடித்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, இனிமேல் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் உள்ளே என்று சொல்லிவிட்டார்கள். சாதி எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிட எளிமையான விளக்கத்தை நான் படித்ததில்லை.

தமிழ்நாட்டு அரசியலில் குதிரைப் பந்தயம் வேறு விதமாகப் பேசப்பட்டது. குடும்பங்களை அழிக்கிற சூது என்று. அது பொய்யில்லை. பந்தயத்துக்குப் போய்ப் பாத்திரம் பண்டம் அடகு வைத்தவர்களில் ரிக்‌ஷாக்காரர்களும் கூலிகளும் நிறையப் பேர். கலைஞர் ஆட்சியில் 1974இல் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1975 மார்ச் 31 முதல் அமல் என்றார்கள். கோர்ட் தடையில் அது முடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986இல் ரேஸ் கிளப்பையே அரசுடைமையாக்க ஒரு சட்டம். அதுவும் உச்சநீதிமன்றம் போனது. 1996 ஜனவரி 12ஆம் தேதி தீர்ப்பு. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் அல்ல, அது திறமை சார்ந்த விளையாட்டு, ஏனென்றால் குதிரையின் பிறப்பும் வளர்ப்பும் ஜாக்கியின் திறமையும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்றது கோர்ட். 1986ஆம் வருஷத்துச் சட்டம் செல்லாது என்றும் ஆயிற்று.

பிறப்பைத் திறமைக் கணக்கில் எழுதிய அந்தத் தீர்ப்பு வந்த காலத்தைப் பாருங்கள். மண்டல் கலவரம் நடந்து ஐந்தாறு வருஷம்தான். இட ஒதுக்கீட்டால் தகுதி கெட்டுப்போகிறது, திறமை கெட்டுப்போகிறது என்று நகரத்துப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. பிறப்பின் பெயரால் நமக்குக் கிடைப்பது சலுகையாம். குதிரைக்கு இருப்பது திறமையாம். சரி, இருக்கட்டும். என் வருத்தம் வேறு. இருபது வருஷத்துக்குமேல் நடந்த இந்தச் சண்டையில் திறமையா அதிர்ஷ்டமா என்று வாதாடினார்கள், ஒழுக்கமா ஒழுக்கக்கேடா என்று மேடையில் பேசினார்கள். அந்தக் குதிரை ஓடுகிற தரையைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

*

கிண்டி அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை, கொத்தடிமையாகக் கிடக்கிறார்கள், நிலம் கொடுத்தால்தான் நிமிர முடியும் என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ஆம் தேதி போடப்பட்ட ஆணையின் கீழ் ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்கு விற்றால் செல்லாது. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது தமிழ்நாட்டின் ஒவ்வொரு சேரிக்கும் தெரியும். அதை மீட்கப் போராடித்தான் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

ஆணை வந்து நாலு வருஷத்தில், 1896இல், அதே ஜில்லாவின் கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவாயிற்று. 1945இல் 160 ஏக்கர் சொச்சம் அரசு நிலம் அதற்கு 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. ராமநாதபுரத்தில் 1931இல் மிராசுதாரர் கட்டளையில் ஆண் கூலி, காலை ஏழிலிருந்து மாலை ஆறுவரை உழைத்தால் நாலணா. பெண்ணுக்கு இரண்டணா. அந்தப் பிசாத்துக் கூலியைக் கொடுத்தால்கூட, இந்த 614 ரூபாயில் ஏழு ஆளை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள முடியாது. அவ்வளவுக்கு 160 ஏக்கர்.

1970க்குப் பிறகு அரசு வாடகையை உயர்த்திக் கேட்டது. கிளப் மறுத்தது. வழக்கு இழுத்து இழுத்து, 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்லிக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்குச் சீல் வைத்தது. பூங்கா வரும், குளம் வெட்டப்படும், வெள்ளம் தடுக்கப்படும் என்று அறிவிப்பு. மெட்ராஸுக்குப் பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அரசு நிலத்தை நாலு ரூபாய்க்கு அனுபவித்தவர்கள் அரை நூற்றாண்டு வழக்காட முடிகிறது. பஞ்சமி நிலத்துக்கு மனு கொடுக்கிறவனிடம் தாசில்தார் ஆபீஸில் கேட்கிற முதல் கேள்வி, "ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நிலம். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. டி.சி. நிலம் என்று பெரியவர்கள் பேச்சுவாக்கில் சொல்வார்கள். அப்பா அதை நம்பவில்லை. நான் எம்.ஏ. முடித்து, இயக்கத்தில் சேர்ந்து, மனு எழுதக் கற்றுக்கொண்ட பிறகு, பழைய அ பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். சர்வே எண்ணுக்கு எதிரே குறிப்புக் கட்டத்தில் அந்த இரண்டு எழுத்து இருந்தது. அனுபவிப்பவர் வேறு. எங்கள் ஊர்க்காரர்தான், கண்டால் நலம் விசாரிக்கிறவர்தான். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளில் ஏழு முறை மனு கொடுத்திருக்கிறோம். ஏழு ரசீதும் பத்திரமாக இருக்கின்றன.

நகல் கைக்கு வந்த அன்று ஆயா உயிரோடு இருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. எந்த இடம் என்று கேட்டார். ஏரிக்கரை ஓரம், பனைமரம் நாலு நிற்குமே, மல்லாட்டை போட்டிருக்கிறார்களே, அந்தக் கழனி என்றேன்.

"அந்த வரப்புலதான்டா நானு தீபத்துக்குப் புல்லு அறுப்பேன். அவங்க ஊட்டாண்ட போயி நின்னு, கேட்டுக்கினுதான் அறுப்பேன். ஒரு கட்டுக்கு ஒரு நாளு சும்மா களை எடுத்துக் குடுக்கணும்."